செம்பவாங் கடற்படைத் தளமும் அதன் மக்களும்

வடக்கு-தெற்கு எம்ஆர்டி தடத்தில் அட்மிரல்ட்டி, செம்பவாங், கான்பெரா என்று மூன்று நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கான்பெரா ஆஸ்திரேலியாவின் தலைநகரம்தானே, அது ஏன் இங்கே இருக்கிறது என்று உங்கள் மாணவர்களைக் கேட்டுப் பாருங்க. அந்த நிலையம் 2019-இல்தான் திறக்கப்பட்டது. ஆனால் பெயர் மிகப் பழையது. சுற்றுவட்டாரச் சாலைகளையும் கவனித்தால் ஆக்லாந்து, வெலிங்டன், டர்பன், ஜிப்ரால்டர், மால்டா என்று ஒரு பேரரசின் வரைபடமே அங்கே கிடக்கும். பிரிட்டிஷ் கடற்படை அங்கே ஓர் ஊரையே கட்டியபோது வைத்துவிட்டுப் போன பெயர்கள் இவை. பெரியவர்கள் இன்றும் அந்த இடத்தை ‘நேவல் பேஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

வரலாற்றுப் பாடம் நமக்கு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. இருந்தாலும் கட்டுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இந்தச் செய்திகள் கைகொடுக்கும். அதற்கும் மேலாக ஒரு காரணம் உண்டு. வகுப்பில் கடற்படைத் தளம் என்றதும் ‘1942 தோல்வி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தத் தளத்துக்குள் வேலை செய்து, பிள்ளை பெற்று, கோயில் கட்டி வாழ்ந்தவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள். அவர்களுக்கு முக்கியமான ஆண்டு 1942 மட்டும் இல்லை. 1968-உம்தான்.

முதலில் கட்டிய கதையைப் பார்ப்போம். முதல் உலகப் போர் முடிந்த பிறகு பிரிட்டனின் கவலை ஜப்பான்மேல் திரும்பியது. கிழக்கில் பெரிய போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் இடமில்லை. சிங்கப்பூரில் தளம் அமைக்க 1921-இல் முடிவானது. தீவின் வடகரையில், ஜோகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங் தேர்வானது. அதற்கான நிலத்தை 1923-இல் இங்குள்ள காலனி அரசாங்கமே அன்பளிப்பாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டு லண்டனில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் வேலை நின்றது. அந்த ஆட்சி சில மாதங்களிலேயே கவிழ, வேலை மறுபடி தொடங்கியது. பிறகு பொருளாதார மந்தத்தில் மீண்டும் தொய்வு. 1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவில் நுழைந்த பிறகுதான் உண்மையான வேகம் பிடித்தது. இப்படி நின்றும் நடந்தும்தான் ‘கிழக்கின் ஜிப்ரால்டர்’ எழுந்தது. உறுதியான திட்டத்தோடு ஒரே மூச்சில் கட்டியதுபோல மாணவர்கள் எழுதினால் திருத்துங்கள்.

1928-இல் ஒரு பிரம்மாண்டமான மிதக்கும் கப்பல்துறை இங்கிலாந்தின் டைன் நதிக்கரையிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக இழுத்துக் கொண்டுவரப்பட்டது. கட்டியது சுவான் ஹண்டர் என்ற நிறுவனம். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடியும் வரும். 1938 பிப்ரவரி 14-ஆம் தேதி ஆளுநர் சர் ஷென்டன் தாமஸ் ‘ஆறாம் ஜார்ஜ் மன்னர்’ கப்பல்துறையைத் திறந்துவைத்தார். நீளம் சுமார் 1000 அடி. கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பழுதுபார்க்கும் வகை இது. ‘டிரை டோக்’ என்றால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும். குவீன் மேரி என்ற மாபெரும் பயணிகள் கப்பல் 1940-இல் இந்த டோக்குக்குள்தான் வந்தது.

இதையெல்லாம் வெட்டிக் கட்டியவர்கள் யார்? சதுப்பு நிலம், கொசு, மலேரியா. காட்டை அழித்து, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பும் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மலாய்க்காரர்களும் இருந்தார்கள். கட்டி முடித்த பிறகு ஓடத் தொடங்கிய பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் அலுவலகங்களுக்கும் இன்னும் பலர் தேவைப்பட்டார்கள். மலையாளிகள் குறிப்பாகப் பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள். குமாஸ்தா, ஸ்டோர்கீப்பர், பிட்டர், வெல்டர், பெயிண்டர், ஓட்டுநர் என்று எந்தப் பிரிவிலும் அவர்களைப் பார்க்கலாம். ஒருவர் வந்து, வேலை கிடைத்து, பிறகு தம்பியையும் மைத்துனரையும் ஊர்க்காரரையும் வரவழைப்பது வழக்கம். செம்பவாங்கைக் ‘குட்டிக் கேரளம்’ என்று சொல்லும் அளவுக்கு அது போனது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் பாடநூலில் விரிவாகவே இருக்கும். தளத்தின் அடிப்படைக் கணக்கே ஒரு பெரிய ‘ஆனால்’தான்: தளம் சிங்கப்பூரில், கப்பற்படையோ ஐரோப்பாவில். ஆபத்து வந்தால் 70 நாளில் கப்பல்கள் வந்துவிடும் என்று ஒரு கட்டத்தில் கணக்குப் போட்டார்கள். 1939-இல் அது 90 நாளாகி, பிறகு 180 நாளானது. கடைசியில் 1941 டிசம்பர் 2-ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு பெரிய போர்க்கப்பல்கள் சில சிறு கப்பல்களோடு வந்து சேர்ந்தன. எட்டே நாளில், டிசம்பர் 10 அன்று, குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் இறந்தார்கள். ஜனவரி இறுதியில் ஜப்பானியர்கள் ஜோகூரின் கரைக்கே வந்துவிட்டார்கள். நீரிணைக்கு அந்தப்பக்கம் எதிரியின் பீரங்கி, இந்தப்பக்கம் தளம். பயன்படுத்தவே முடியாத நிலை. பிரிட்டிஷார் முடிந்ததை அழித்துவிட்டு வெளியேறினார்கள்.

இங்கே தேர்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பீரங்கிகள் கடலைப் பார்த்தே இருந்தன, திருப்ப முடியவில்லை, அதனால்தான் சிங்கப்பூர் விழுந்தது’ என்ற வரி விடைத்தாள்களில் அடிக்கடி வருகிறது. பல பீரங்கிகளை நிலப்பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுட்டும் இருக்கிறார்கள். கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைக்கும் குண்டுகள். தரையில் பரவலாக நிற்கும் காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரிய பயன் இல்லை. விமானம் இல்லாதது, கப்பற்படை இல்லாதது, மலாயாவை இழந்தது ஆகியவைதான் பெரிய காரணங்கள். ஒற்றைக் காரணம் சொல்லும் விடைக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

ஜப்பானியர்களும் அதே தளத்தைப் பயன்படுத்தினார்கள். 1945 ஜூலை 31 அன்று பிரிட்டிஷ் குறு நீர்மூழ்கிகள் ஜோகூர் நீரிணைக்குள் புகுந்து, அங்கே நின்ற தக்காவோ என்ற ஜப்பானியக் கப்பலுக்கு வெடி வைத்தன. அடுத்த சில வாரங்களில் போர் முடிந்தது, பிரிட்டிஷார் திரும்பினார்கள், பட்டறைகள் மறுபடியும் இயங்கின.

போருக்குப் பிந்தைய அந்த இருபது ஆண்டுகள்தான் என் பார்வையில் மிக வளமான பகுதி. தனியாக வந்திருந்த ஆண்கள் பலர் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். தொழிலாளர் குடியிருப்புகளில் பிள்ளைகள் சத்தம் கேட்டது. தளத்துக்கு வெளியே சோங் பாங் கிராமத்தில் மளிகை, காப்பிக்கடை, துணிக்கடை. சம்பள நாள் எப்போது என்று கடைக்காரருக்குத் தொழிலாளியைவிட நன்றாகத் தெரியும்! தமிழ்ப்பள்ளி இருந்தது, தமிழர் சங்கம் இருந்தது. மலையாளிகள் 1954-இல் நேவல் பேஸ் கேரள நூலகத்தைத் தொடங்கினார்கள். கப்பல் பட்டறையில் நாள் முழுக்க உழைத்தவர்கள் சொந்தக் காசு போட்டு நூலகம் வைத்தார்கள் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்க. கான்பெரா சாலைப் பக்கம் 1960களில் தளத் தொழிலாளர்கள் மரத்தடியில் முருகனை வழிபடத் தொடங்கினார்கள். அதுதான் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். 1990களில் ஈசூனுக்கு இடம் மாறினாலும் பெயரில் அந்த மரம் அப்படியே நிற்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அங்கே கூடும் கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். சீக்கியர்களுக்குச் செம்பவாங்கில் குருத்வாரா இருந்தது. பிறகு ஜாலான் காயு குருத்வாராவோடு சேர்ந்து இன்றைய ஈசூன் குருத்வாரா ஆனது.

தொழிற்சங்கமும் வலுவாக இருந்தது. கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கம் நாட்டின் பெரிய சங்கங்களில் ஒன்று. அதன் செயலாளராக இருந்த எஸ். வூட்ஹல் 1963 பிப்ரவரியில் நடந்த கோல்ட்ஸ்டோர் கைது நடவடிக்கையில் தடுத்துவைக்கப்பட்டார். தளத்து மக்கள் அடங்கிக் கிடந்த கூட்டம் இல்லை.

ஆனால் இந்த வாழ்க்கை முழுவதும் ஒரே முதலாளியை நம்பி இருந்தது. வேலை அவரது, வீடும் அவரது. வேலை போனால் குடியிருப்பையும் காலி செய்யணும்.

1968 ஜனவரி 16 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன், 1971 இறுதிக்குள் படைகள் வெளியேறும் என்று அறிவித்தார். 1970களின் நடுப்பகுதிவரை அவகாசம் இருக்கும் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். சிங்கப்பூர் தனிநாடாகி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தளங்களின் செலவினத்தைச் சார்ந்திருந்தது. தீவு முழுவதிலும் தளங்களில் நேரடியாக வேலை பார்த்த உள்ளூர்வாசிகள் மட்டும் சுமார் 25,000 பேர்.

அரசாங்கம் வேகமாகச் செயல்பட்டது. 1968 ஜூனில் செம்பவாங் ஷிப்யார்ட் நிறுவனம் அமைந்தது. டிசம்பரில் பட்டறை முழுவதும் அடையாளத் தொகையாக ஒரே ஒரு டாலருக்குக் கைமாறியது. நிர்வாகத்தை ஏற்றது யார் தெரியுமா? அதே சுவான் ஹண்டர். நாற்பது ஆண்டுக்கு முன் மிதக்கும் கப்பல்துறையைக் கட்டி அனுப்பிய அதே நிறுவனம்தான். போர்க்கப்பலைப் பழுதுபார்த்த கைகள் இனி வணிகக் கப்பலைப் பழுதுபார்க்கும். வேலை இழந்தவர்களுக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சிகள் நடந்தன. பாடநூல் இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறது, அது தவறும் இல்லை.

வெற்றிக் கதைக்குள் எல்லாரும் இடம்பெறவில்லை என்பதையும் நாம் சொல்ல வேண்டும். 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது ‘தமிழவேள்’ கோ. சாரங்கபாணி தமிழ் முரசு மூலமும் நேரடிப் பிரசாரத்தின் மூலமும் ‘பதிந்துகொள்ளுங்கள், குடிமக்களாகுங்கள்’ என்று ஓயாமல் வற்புறுத்தினார். பலர் கேட்டார்கள். கேட்காதவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வது எளிது. மனைவி ஊரில், கொஞ்சம் நிலம் ஊரில், ஓய்வுக்குப் பிறகு திரும்பிவிடலாம் என்ற எண்ணம். நேவல் பேஸ் என்றைக்கும் இருக்கும் என்றுதானே எல்லாரும் நம்பினார்கள்? 1960களின் பிற்பகுதியில் குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதி அட்டை தேவை என்று ஆனபோது, பத்து வருடத்துக்கு முன் நிரப்பாமல் விட்ட ஒரு படிவம் முழு வாழ்க்கையையும் தீர்மானித்தது. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கப்பல் ஏறியவர்கள் பலர். சில குடும்பங்களில் இங்கே பிறந்த பிள்ளைகள் தங்க, தகப்பன் மட்டும் திரும்பிப் போனார். தங்கியவர்கள் வீவக வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். ஒரே வரிசையில் இருந்தவர்கள் தீவின் வெவ்வேறு மூலைகளில்.

1971 அக்டோபர் 31-இல் பிரிட்டனின் தூரக்கிழக்குக் கப்பற்படை கலைக்கப்பட்டது. ஆனாலும் செம்பவாங்கில் போர்க்கப்பல்கள் வருவது நிற்கவில்லை. அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே இயங்குகிறது. ஷிப்யார்ட் பலமுறை பெயர் மாறியது. இப்போது அந்த நீர்முகப்பைப் பொதுமக்களுக்கான இடமாக மாற்றும் திட்டம் இருக்கிறது.

வகுப்பில் இதை எப்படிக் கொண்டுபோகலாம்? தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தளத் தொழிலாளர்களின் குரல்களைத் தேடச் சொல்லலாம். வடக்குப் பகுதிப் பள்ளிகளாக இருந்தால் இன்னும் எளிது. வகுப்பில் இரண்டு மூன்று பேருக்காவது தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ நேவல் பேஸில் வேலை பார்த்திருப்பார். வீட்டில் நேர்காணல் செய்துவரச் சொல்லுங்கள். என்ன வேலை, எந்தக் குடியிருப்பு, எந்தக் கடை என்று மாணவர்களே கேள்வி தயாரிப்பார்கள். நீங்கள் ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுங்கள்: சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு எந்த ஆண்டு பதிந்தார்கள், அந்த முடிவை வீட்டில் யார் எடுத்தது?