தலைப் படர்தாமரைச் சிகிச்சையின் வரலாறு

சிறுவரின் தலைமயிரை வட்டவட்டமாய் உதிர்த்து, ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றிச் செல்லும் படர்தாமரை உயிரைக் கொல்லும் நோயன்று. எனினும், ஐரோப்பாவிற் பாடசாலைக் கல்வி பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பெரும் இடராயிற்று. நோயுற்ற பிள்ளை பாடசாலையினின்றும் விலக்கப்பட்டது. நோயோ ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பாரிஸ் நகரில், 1607 இல் கொள்ளைநோயாளருக்கென நிறுவப்பட்டு, 1801 முதல் தோல்நோய்க்குரியதாய் விளங்கிய சென் லூயி வைத்தியசாலையில் இத்தகைய பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலையே வைக்க நேர்ந்தது. கீலும் மாவுங் கலந்த சாந்தைத் தலையிற் பூசி, இறுகியபின் மயிரோடு பிடுங்கியெடுத்தலே நெடுங்காலம் வழங்கிய சிகிச்சையாகும். அதன் வேதனையைச் சொல்ல வேண்டுவதில்லை.

நோயின் காரணம் 1839 இல் வெளிப்படத் தொடங்கிற்று. அவ்வாண்டில் ஷோன்லைன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் தலைப் படர்தாமரையின் ஒருவகையிற் பங்கசைக் கண்டார். 1841 இல், ஹங்கேரியிற் பிறந்து பாரிசிற் குடியேறிய டாவிட் குரூபி, அவருடைய முடிபை அறியாமலே நுணுக்குக்காட்டியின் உதவியால் அதே முடிபுக்கு வந்தார். அப்பங்கசை நலமுள்ள தோலில் இட்டு நோய் உண்டாதலையுங் காட்டினார். தோல்நோய் வைத்தியர்கள் இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. குரூபியும் ஆராய்ச்சியைக் கைவிட்டு, இசைமேதை ஷோப்பேன் முதலியோருக்கு வைத்தியராய்ப் புகழுடன் வாழ்ந்தார். ஐம்பது ஆண்டுகளின் பின்னரே ரேமோன் சபூரோ அவ்வாராய்ச்சிக்கு உயிரளித்தார். பங்கசு வகைகளை வளர்த்துப் பிரித்தறிய அவர் வகுத்த ஊடகம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

காரணம் தெரிந்தும் மருந்து கிட்டவில்லை. பங்கசு மயிர்வேரினுள் ஒதுங்கியிருத்தலின், மேலே பூசுவன அதனை எட்டவில்லை. தல்லிய உப்பை உட்கொள்ளச் செய்து மயிரை உதிர்க்கும் முறையும் பிற்காலத்திற் கையாளப்பட்டது. அந்நஞ்சின் அளவு சற்றே மிகுந்தமையாற் பிள்ளைகள் சிலர் மாண்டனர். 1904 இல் சபூரோவும் நொவாரேயும் எக்ஸ் கதிரை அளந்து செலுத்தும் வழியைக் கண்டனர். கதிர் பட்டவிடத்து நிறம் மாறும் சிறு வில்லையே அவர்தம் அளவுகோல். கதிர் பங்கசைக் கொல்வதில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்களில் மயிர் உதிர, நோயும் உடன் நீங்கும். சில மாதங்களில் மயிர் மீண்டும் முளைக்கும். இச்சிகிச்சை உலகெங்கும் பரவியதில் வியப்பில்லை.

நோயைக் கண்டறிதலும் எளிதாயிற்று. அமெரிக்கப் பௌதிகவியலாளர் வுட் ஆக்கிய வடிகட்டியூடாக வரும் ஊதாக்கடந்த கதிரை இருளறையிற் செலுத்தின், சிலவகைப் பங்கசு பற்றிய மயிர் பச்சையாய் ஒளிரும். 1925 இல் மொன்பெல்லியே நகரத்து மார்காரோவும் தெவேசும் இதனை வெளியிட்டனர். ஆயினும் எல்லாப் பங்கசும் ஒளிர்வதில்லை. ஆதலால் விளக்கை மட்டும் நம்புவது பிழையாகும்.

உண்மையான மருந்து 1939 இலேயே இலண்டனில் வேறாக்கப்பட்டிருந்தது. பூஞ்சணமொன்றினின்றும் பெறப்பட்ட அப்பொருளே கிறிசியோபல்வின். அது பற்றீரியாக்களைத் தாக்காமையால் வைத்தியர்கள் அதனை நாடவில்லை. பயிர்நோய் ஆராய்ச்சியாளரே அதனைக் கவனித்தனர். 1958 இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜென்றில்ஸ், படர்தாமரை கண்ட கினிப்பன்றிகளுக்கு அதனை வாய்வழி கொடுத்து நோயை மாற்றினார். சின்னாட்களில் மனிதருக்கும் மாத்திரையாய் வழங்கப்பட்டது. புதிதாய் வளரும் மயிரிற் புகுந்து பங்கசைத் தடுப்பதே அதன் இயல்பு.

எக்ஸ் கதிர்ச் சிகிச்சை அதன்பின் மெல்ல மறைந்தது. அதன் விளைவு மறையவில்லை. மயிர் முளைத்தலையே குணமென்று கொண்ட வைத்தியர்கள், அப்பிள்ளைகளின் பிற்கால வாழ்வைப் பின்தொடர்ந்தாரல்லர். 1904 இல் வேறு வழியின்மையை அவர்க்குரிய நியாயமாகக் கொள்ளலாம். ஆனால் கதிரின் தீமை பலவாறு தெரிந்த பிற்காலத்திலும் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு அது செலுத்தப்பட்டமைக்கு அந்நியாயம் முற்றும் பொருந்தாது. இஸ்ரேலில் 1948 தொடங்கி 1960 வரையிற் சிகிச்சை பெற்றவர்களுட் பலர் வட ஆபிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுள் ஏறக்குறைய 11,000 பேரை, கதிர் படாத உடன்பிறந்தாரோடும் பிறரோடும் பாருக் மொடான் குழுவினர் ஒப்பிட்டனர். 1974 இல் வெளிவந்த அவ்வாராய்ச்சி, கதிர் பட்டோரிடம் மூளைக் கட்டிகளும் தைரொயிட்டுப் புற்றுநோயும் மிகுந்திருத்தலை நிறுவியது. மேலும் 20 ஆண்டுகள் கழித்து, 1994 இல், அவர்களுக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் இஸ்ரேலில் நிறைவேறியது. அப்பிள்ளைகளோ அதற்குள் நடுவயதினராயிருந்தனர்.