அரிவாள் அணுவும் 80யு பிரிவும்

குன்னூரில் முப்பது வருஷமாக ஊராருக்கு வருமான வரிக் கணக்கு எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் இருளர் தம்பி ஒருவர் வந்தார். பள்ளி ஆசிரியர், மாடிப்படி ஏறவே சிரமப்பட்டார்.

"சிக்கிள் செல் சார். குளிர் கூடினா மூட்டெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி. வரியில ஏதாச்சும் கழிவு உண்டா?"

இந்தியாவில் இந்த அரிவாள் வடிவ அணுவை முதலில் கண்டதே எங்கள் மலைப் பழங்குடியினரின் ரத்தத்தில்தான். 1952-ல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் அதைப் பற்றி எழுதினார்கள். இந்த நோயை மாற்றுத்திறன் என்று சட்டம் ஏற்க 2016 ஆயிற்று, 21 வகைகளில் ஒன்றாக. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்குக் கழிவு தரும் 1961 வரிச் சட்டத்தின் 80யு பிரிவோ 1995-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையே கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய பட்டியலில் ரத்த நோய் ஏது? சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு தரும் 80டிடிபி விதியில் ஹீமோஃபீலியாவும் தலசீமியாவும் இருந்தன; இவர் நோயின் பெயர் இல்லை.

"இடுப்பு எப்படி, தம்பி?" என்றேன்.

ரத்த ஓட்டம் நின்று இடுப்பெலும்பு கெட்டிருந்தது. கால் இயக்கக் குறைபாடு 40 சதவீதம் என்று சான்று வந்தால் 75,000 ரூபாய் கழிவு, பழைய வரிமுறையில் மட்டும். நோய்க்கு இடமில்லை, அது கெடுத்த காலுக்கு உண்டு! வந்த சான்றில் ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.