கணக்குக் கல்வியும் பிழைப்பும்: திருமுக்கூடல் கல்வெட்டு முதல் வணிகவியல் தேர்வு வரை

ஆய்வுச்சுருக்கம்

வேலையற்ற ஒருவர் பணிவாய்ப்பைப் பெருக்கிக்கொள்ளக் கணக்குப்பதிவியல் படிப்பைத் தாமே தேர்ந்து பயில்வது இன்று இயல்பான செயலாகும். தமிழக வரலாற்றில் இவ்வாய்ப்பு மிகப் பிந்தியே தோன்றியது. கணக்கு எழுதும் தொழில் நெடுங்காலம் பிறப்புரிமையோடும் பதவியோடும் பிணைந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வணிகவியல் தேர்வுகளும், 1968க்கும் 1980க்கும் இடையில் நிகழ்ந்த சட்ட மாற்றங்களும் அப்பிணைப்பை அறுத்தன. காஞ்சிபுர வட்டாரச் சான்றுகளை முதன்மையாகக் கொண்டு இம்மாற்றத்தின் படிநிலைகளையும், அதனால் விளைந்த பேறு இழப்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருச்சொற்கள்: திருமுக்கூடல், உத்திரமேரூர், கணக்கன், கர்ணம், திண்ணைப் பள்ளி, கணக்குப்பதிவியல், கூட்டுறவு.

முன்னுரை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்த திருமுக்கூடல், பட்டுநெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, மருத்துவ வரலாற்றாய்வாளர்களாலும் கல்வி வரலாற்றாய்வாளர்களாலும் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் இதனை எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் வேதக் கல்லூரியும் இக்கல்வெட்டால் அறியப்படுகின்றன. ஆயினும் இக்கல்வெட்டு வடிவத்தால் ஒரு கணக்கேடு என்பது போதிய கவனம் பெறவில்லை. கணக்கேடாக இதனை வாசிக்கும்போது, இக்கணக்கறிவை யார் யாரிடம் எவ்வாறு கற்றனர் என்ற வினா எழுகிறது. கட்டுரை அவ்வினாவிலிருந்து தொடங்குகிறது.

1. கற்பிக்கப்பட்ட கல்வியும் கற்பிக்கப்படாத கணக்கும்

திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிலின் வருவாயை நெல்லாகவும் காசாகவும் பகுத்து, ஒவ்வொரு செலவுக்கும் அளவு வரையறுக்கிறது. வழிபாடு, விழா, மாணவர் உணவு, மருத்துவர் ஊதியம், மருந்துச் சரக்கு, விளக்கெண்ணெய் ஆகியன தனித்தனித் தலைப்புகளாக அமைகின்றன. மருத்துவர் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வகுக்கப்பட்டன. தசமூல அரிதகி, கோமூத்திர அரிதகி முதலிய மருந்துகளில் எவ்வெவற்றை எவ்வளவு இருப்பில் வைக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டுள்ளது. வருவாய்க்கும் செலவுக்கும் ஈடுகாணும் இம்முறை, தேர்ந்த கணக்கர் வகுப்பு ஒன்று இல்லாமல் இயன்றிருக்காது.

சோழர் அரசிறைத் துறையில் இத்தகைய வகுப்பு இருந்தமைக்குச் சான்றுகள் பல. புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், வரிப்பொத்தகக் கணக்கு, முகவெட்டி, கீழ்முகவெட்டி, பட்டோலை எனப் பதவிகள் அடுக்கடுக்காகக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் வருகின்றன. ஊர்நிலையில் ஊர்க்கணக்கன் ஆவணங்களை எழுதிக் கையொப்பமிட்டான்.

ஆனால் திருமுக்கூடல் கல்லூரியில் ஆசிரியர்க்கு ஊதியம் வகுக்கப்பட்ட பாடங்கள் இருக்கு வேதம், யசுர் வேதம், ரூபாவதாரத்துடன் கூடிய வியாகரணம் என்பனவே. அக்கல்லூரியை நடத்தும் நெல்லையும் காசையும் அளந்து எழுதும் அறிவு, அதன் பாடத்தில் இடம்பெறவில்லை. அறக்கட்டளை பெற்ற கல்வி வேறு, தொழிலாக வழங்கிய கல்வி வேறு என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. பின்னது குடும்பத்திலும் பணியிடத்திலும் கற்கப்பட்டது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

2. உத்திரமேரூரில் கணக்கனின் தகுதி

இதே மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் கணக்கனைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவரல்லர். நேர்மையான வழியில் பொருளீட்டுபவனே கணக்கு எழுதலாம். தான் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டித் தூயவன் எனப்பட்ட பின்னரே ஒருவன் மீண்டும் அப்பணியில் அமரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். அதனை முடிக்க வேறொரு கணக்கன் புகக்கூடாது.

இவ்விதிகளில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, கணக்கனுக்குக் கல்வித் தகுதி எதுவும் இங்குக் கூறப்படவில்லை. வாரிய உறுப்பினர்க்கு நிலமும் வயதும் கல்வியும் வகுத்த சபை, கணக்கனிடம் நேர்மையையே கேட்டது. எழுத்தும் எண்ணும் அவனிடம் இருப்பதை அது முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, கணக்கறிவு என்பது பிழையற எழுதும் திறன் மட்டுமன்று. எழுதியதற்குப் பொறுப்பேற்பதும் ஆகும். இக்கருத்து, பின்னாளில் தேர்வுமுறை கைவிட்டுச் சென்றவற்றுள் ஒன்றாகும்.

3. திண்ணைப் பள்ளியும் ஊர்க்கணக்கும்

பிற்காலத்தில் கணக்கு கற்பித்த இடம் திண்ணைப் பள்ளியாகும். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து ஆகியன அங்கு மனப்பாடமாயின. முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று என்னும் கீழ்வாயிலக்கங்களை மாணவர் வாயால் சொல்லிக் கையால் எழுதிப் பழகினர். காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலம், பொன், நெல் ஆகியவற்றின் அளவைகளைக் கணக்குகளாக வகுத்தன. செந்தில்பாபுவின் ஆய்வுகள் இக்கல்வியின் நினைவாற்றல் சார்ந்த இயல்பையும், பவானி ராமனின் ஆய்வு எழுத்தர் தொழிலோடு அதற்கிருந்த உறவையும் விரிவாக விளக்கியுள்ளன.

திண்ணைப் பள்ளி எண்ணறிவைத் தந்தது, பதவியைத் தரவில்லை. ஊர்க்கணக்கு எழுதும் உரிமை கணக்குப்பிள்ளைக் குடும்பத்திடம் இருந்தது. செங்கற்பட்டு ஜாகீரில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாமஸ் பர்னார்டு நடத்திய அளவாய்வும், அதனோடு தொடர்புடைய ஓலைக் கணக்குகளும், ஊர் விளைச்சலிலிருந்து கணக்குப்பிள்ளை முதலிய ஊர்ப் பணியாளர்க்குப் பிரித்தளிக்கப்பட்ட பங்குகளைப் பதிவு செய்துள்ளன. ஆகவே கணக்குத் தொழில், களத்தில் நெல் அளக்கும்போதே உறுதியான பங்கைப் பெற்ற தொழிலாக இருந்தது. அப்பங்கு வெளியாருக்குத் திறக்கப்படவில்லை. ஒரு நெசவாளியின் மகனோ உழவுத் தொழிலாளியின் மகனோ எண்சுவடியைக் கற்றிருந்தாலும் ஊர்க்கணக்கன் ஆவது அரிது.

4. தேர்வு என்னும் புதுவழி

இந்நிலையை முதலில் மாற்றியது வணிகவியல் கல்வியாகும். 1886இல் பச்சையப்பன் அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் சென்னையில் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். இந்தியாவில் முறைசார்ந்த வணிகவியல் கல்வியின் தொடக்கமாக இது பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சென்னை மாகாண அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் கணக்குப்பதிவியல், தட்டச்சு, சுருக்கெழுத்து ஆகியன இடம்பெற்றன. இவற்றுக்குப் பயிற்சியளிக்கும் தனியார் நிலையங்கள் சிறு நகரங்களிலும் தோன்றின. கீழ்நிலை, மேல்நிலை எனப் பகுத்த அரசுச் சான்றிதழ் முறை இன்றளவும் தொடர்கிறது.

அதே காலப்பகுதியில் கணக்கர்க்குரிய புதிய பணியிடங்களும் உருவாயின. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் அவ்வாண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்திலேயே பதிவு செய்யப்பட்டது. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பின்னர் இந்நகரில் வளர்ந்தன. பாவும் ஊடையும் சரிகையும் நெசவாளர்க்கு எடையிட்டுக் கொடுக்கப்பட்டு, சேலையாகத் திரும்பி வரும்போது கூலி கணக்கிடப்படும் இத்தொழிலில், சரக்குப் பதிவேடும் கூலிப் பதிவேடும் இன்றியமையாதவை. சங்கத்தின் பேரேடு ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்பட்டது. அதனை எழுதுவோரிடம் இரட்டைப் பதிவு முறையறிவு எதிர்பார்க்கப்பட்டது. 1494இல் வெனிசில் லூக்கா பாச்சோலி நூலாக்கிய இம்முறை, எண்சுவடி வழிவந்த கணக்கறிவிலிருந்து வேறுபட்டது. மனக்கணக்கின் விரைவைவிடப் பற்று வரவுகளின் சமநிலையை அது முதன்மைப்படுத்தியது. 1957இல் பதின்மக் காசுமுறை நடைமுறைக்கு வந்தபின், பழைய பின்னவாய்பாடுகள் அலுவலகப் பயன்பாட்டை மேலும் இழந்தன.

5. பரிந்துரையும் சான்றிதழும்: இரு வாழ்க்கைகள்

தேர்வுமுறை தோன்றியதும் பழைய வழிகள் உடனே மறைந்துவிடவில்லை. கணித மேதை சீனிவாச இராமானுசனின் வாழ்க்கை இதற்குச் சான்று. கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்று, வேலையின்றிச் சில ஆண்டுகள் அலைந்த அவர், 1912இன் தொடக்கத்தில் சென்னை மாநிலத் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் குறுகிய காலம் பணியாற்றினார். பின்னர் அவ்வாண்டு மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அவ்வேலைக்கு அவர் இணைத்தது கணக்குப்பதிவியல் சான்றிதழ் அன்று. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரைக் கடிதம். ஊர்க்கணக்கில் பிறப்பு ஆற்றிய பங்கை, நகர அலுவலகத்தில் பரிந்துரை ஓரளவு ஆற்றியது என்பது இதனால் விளங்கும்.

ஆர். சிவபோகத்தின் வாழ்க்கை மறுபக்கத்தைக் காட்டுகிறது. நாட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற அவர், 1933இல் அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்று, இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் ஆனார். பெண்ணுக்கு ஊர்க்கணக்கில் இடமில்லாத காலத்தில், தேர்வு அவருக்கு வழி திறந்தது. 1949இல் பட்டயக் கணக்காயர் சட்டம் இயற்றப்பட்டு அத்தொழில் தன்னாட்சி பெற்றது.

6. பரம்பரை உரிமையின் முடிவு

நகரத்தில் தேர்வுமுறை வேரூன்றிய காலத்திலேயே கிராமத்தில் பரம்பரை உரிமைக்குச் சட்டக் காப்பு அளிக்கப்பட்டது. 1895ஆம் ஆண்டுச் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம், பதவி காலியானால் வாரிசுக்கே முன்னுரிமை அளித்தது. வாரிசு இளவராயின் வேறொருவரை இடைக்காலத்துக்கு அமர்த்தி, உரியவர் தகுதி பெறும் வரை இடத்தைக் காத்து வைத்தது. தகுதி மறுக்கப்படவில்லை, ஆனால் அது வாரிசுக்குள் தேடப்பட்டது.

விடுதலைக்குப்பின் அரசமைப்பின் 16ஆம் உறுப்பு, அரசுப் பணியில் வழிமரபு அடிப்படையிலான வேறுபாட்டைத் தடை செய்தது. கசுலா தசரத ராமராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிராமப் பதவியும் அவ்வுறுப்புக்கு உட்பட்டதே எனத் தீர்ப்பளித்தது. 1968இல் தமிழகச் சட்டமன்றம் பரம்பரைப் பதவிச் சட்டத்தை நீக்கியது. 1970இல் புதிய பணிவிதிகள் வந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி. இராமச்சந்திரன் அரசு, மணியம், கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராமப் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. 1981இல் அது சட்டமாகியது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. அவ்விடத்தில் அமைந்த கிராம நிர்வாக அலுவலர் பணி, தேர்வாணையத்தின் போட்டித் தேர்வால் நிரப்பப்படுவதாயிற்று. அடங்கலும் சிட்டாவும் எழுதும் பணி, இவ்வாறு எந்தக் குடும்பத்தவரும் முயன்று பெறத்தக்கதாயிற்று.

7. இன்றைய நிலை

1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபின் கணக்குப்பதிவியல் தமிழ்வழியிலும் பள்ளிப் பாடமானது. கணினிக் கணக்கு மென்பொருள்கள் பரவியதும், 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும், குறுகிய காலக் கணக்குப் பயிற்சிக்குப் புதிய தேவையை உண்டாக்கின. சிறு கடைக்காரரும் பட்டு வணிகரும் வரிப் படிவங்களைக் காலந்தவறாது அளிக்க வேண்டியுள்ளதால், வேலை தேடும் இளைஞர்க்கு இப்பயிற்சி எளிதில் எட்டும் வழியாகத் தோன்றுகிறது.

எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கணக்குப்பிள்ளையின் பயிற்சி, காத்திருக்கும் ஒரு பதவியை நோக்கியது. களத்து நெல்லில் அதற்குப் பங்கு இருந்தது. இன்றைய பயிற்சி சான்றிதழோடு நின்றுவிடுகிறது. கட்டணம் செலுத்திப் பயிலும் வேலையற்றவர், பணியிடம் கிடைக்குமா என்ற ஐயத்தைத் தாமே சுமக்கிறார். பதிவு செய்யும் வேலையின் பெரும்பகுதியை மென்பொருளே செய்துவிடும் சூழலில், பொத்தான்களை மட்டும் கற்பிக்கும் பயிற்சி விரைவில் மதிப்பிழக்கும். கணக்கின் அடிப்படையையும் வட்டாரத் தொழிலின் நடைமுறையையும் சேர்த்துக் கற்பிப்பதே நிலைக்கும். சரிகையின் எடைக் கழிவை அறியாதவர் பட்டுச் சங்கத்தின் பேரேட்டைச் சரிபார்க்க இயலாது.

முடிவுரை

திருமுக்கூடலில் கணக்கு, கல்வியைத் தாங்கியதே தவிரக் கல்வியாகவில்லை. அது பாடமாகவும் தேர்வாகவும் மாறிய பின்னரே, பிறப்பைக் கடந்து எவரும் தேர்ந்துகொள்ளும் தொழிலாயிற்று. இம்மாற்றம் சமூகநீதி நோக்கில் பெரும்பேறாகும். அதன் விலையாகப் பயிற்சிக்கும் பணிக்கும் இடையிலிருந்த உறுதியான இணைப்பு அறுந்தது. அவ்விணைப்பைப் பரம்பரைக்குத் திரும்பாமல் மீட்பதற்குக் கூட்டுறவுச் சங்கங்களிலும் வணிக நிறுவனங்களிலும் ஊதியத்துடன் கூடிய பணியிடைப் பயிற்சி தேவைப்படுகிறது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும் என்ற உத்திரமேரூர் விதி, அப்பயிற்சிக்கும் பொருந்தும். பிறர் எழுதிய மாதிரிப் பேரேட்டை நிரப்புவதைவிட, தான் பொறுப்பேற்கும் ஒரு பேரேட்டை முடித்துக் காட்டுவதே கணக்கரை உருவாக்கும்.