ரேடார் தந்த அடுப்பு

என் சிறுவயதில் தவளக்குப்பத்தில் விறகடுப்புதான். பள்ளியில் ‘ஃபூர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லைப் படித்தேன். வீட்டில் அந்த அடுப்பு இல்லை. கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் கேக் மாவைத் தட்டில் ஊற்றி ரொட்டிக்கடைக்குக் கொடுத்தனுப்புவோம்.

1945-இல் அமெரிக்காவில் ரேடார் கருவியருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் மிட்டாய் உருகியதாம். 1947-இல் வந்த முதல் மைக்ரோவேவ் அடுப்பு ஆளுயரம். எடை சுமார் 340 கிலோ. மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கியது 1967-இல்.

மகன் வாங்கித் தந்ததில் பல வருடம் ரசம் மட்டுமே சுடவைத்தோம். மைக்ரோவேவ் உணவிலுள்ள நீரைச் சூடாக்கும்; கேக்கைச் சிவக்கவிடாது. அதற்குச் சூடான காற்று சுழலும் ‘கன்வெக்‌ஷன்’ வேண்டும். அதில் தகரத் தட்டு வைக்கலாம், மைக்ரோவேவில் கூடாது.

மனைவி காலமான வருடம், அவள் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து, 180 டிகிரியில் நானே விவிக்கம் சுட்டேன். ஓரம் கொஞ்சம் கருகியது. பேரப்பிள்ளைகள் மிச்சம் வைக்கவில்லை.