கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பத்தாவதில் மார்க் வருமா?

பெற்றோராகிவிட்ட என் மாணவர்கள் பலர் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். முன்பு ஒரு மாநில அரசுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. அந்தக் கதையை எழுதிவிடுகிறேன். அறிவியல் வாத்தியாரான எனக்கு அது இன்னும் ஆறாத விஷயம்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம் (இன்று நர்மதாபுரம்). 1972இல் கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் அரசு அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு வேலையைத் தொடங்கின. ஆறாவது முதல் எட்டாவது வரை அறிவியலைச் சோதனை செய்துதான் படிக்க வேண்டும். டாடா ஆராய்ச்சி நிறுவனம், டெல்லிப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் வந்து பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். 'பால் வைஞானிக்' என்ற பாடப்புத்தகம் விடையைச் சொல்லாது; செய்து பார், பார்த்ததை எழுது என்னும். சைக்கிள் வால்வ் டியூப், தீக்குச்சி இவைகூட அங்கே பாடப் பொருள்கள். 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தேர்வுதான். புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்தே எழுதலாம், கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. பிட் அடிப்பவனுக்கு வேலையே இல்லை!

1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் தொடங்கிய ஏக்லவ்யா அமைப்பு அதை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது.

2002இல் அரசு நிறுத்திவிட்டது. இந்த மாவட்டப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பின்தங்குகிறார்கள் என்பது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. ஏக்லவ்யா அதை மறுத்தது. என் கேள்வி வேறு. எட்டாவதோடு இந்த முறை முடிந்துவிடும். ஒன்பதிலிருந்து பழையபடி மனப்பாடம், மூடிய புத்தகம். அந்தத் தேர்வு எதை அளந்தது? 'காந்தத்தின் பண்புகள் நான்கு எழுதுக' என்றால் உருப்போட்டவனுக்கு முழு மார்க். யோசிக்கப் பழகியவன் அங்கே எதைக் காட்டுவான்? கற்பிக்கும் முறையை மாற்றினார்கள், பத்தாவது வினாத்தாளை யாரும் தொடவில்லை. பழி மட்டும் சோதனைக்கு விழுந்தது.

ஒன்பதாம் வகுப்பில் உங்களிடம் நான் கேட்டது நினைவிருக்கிறதா? ஒரே மாதிரி இரண்டு கம்பிகள். ஒன்று காந்தம், மற்றது வெறும் இரும்பு. வேறு எந்தப் பொருளும் இல்லாமல் எது காந்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் அவசரப்பட்டுக் கமெண்டில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் பிள்ளைகளிடம் கேளுங்கள், ஒரு வாரம் போகட்டும்.