அக்டோபர் பீரும் பனங்கள்ளும்

எங்க புளியந்தோப்புல அக்டோபர்னா இலையுதிர் காலமெல்லாம் கிடையாது. மழை, தெருவுல முழங்கால் தண்ணி, அவ்ளோதான். ஆனா மெட்ராஸுக்கும் இங்கிலாந்து இலையுதிர் காலத்துக்கும் பழைய தொடர்பு ஒண்ணு உண்டு. பீர்தான் :-)

அங்கே அறுவடை முடிந்து, குளிர் தொடங்கும் அக்டோபரில் காய்ச்சும் பீருக்குத் தனி மவுசு. ஸ்ட்ராங் சரக்கு, பீப்பாயில் மாசக்கணக்கில் ஊறணும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு லண்டன் ஹாட்ஜ்சன் ஆலை கம்பெனிக் கப்பல்களில் ஏற்றியதும் இந்த வழி வந்த பீர்தான் என்கிறார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரும் அந்த மாசங்களிலேயே ஊறிவிடும். இங்கே துறைமுகம் ஏது? (அடிக்கல்லே 1875-லதான்.) அலையைத் தாண்டி மசுலா படகில்தான் சரக்கு கரையேறும்.

நம்ம பருவச் சரக்கு பனங்கள். பாளை விடுற மாசங்கள்லதான் கிடைக்கும். காலையில இறக்கினது சாயங்காலத்துக்குள்ள புளிச்சுடும், கப்பல்ல ஏத்த முடியாது. 1948 மதுவிலக்குக்கு முன்னாடி, பி அண்ட் சி மில்லுல இருந்த எங்க தாத்தா புளிப்பை வச்சே மாசம் சொல்வாராம். 1987-லேர்ந்து கள்ளுக்குத் தடை. பீர் மட்டும் பன்னெண்டு மாசமும் அரசாங்கக் கடையிலேயே!

கோடையில பதநீர் வாங்கிக் குடிக்கிறேன். சுண்ணாம்பு வாசனைதான் தெரியுது, மாசம் தெரியலை.