மடக்கி உழுத பருத்தி

பருத்திக் கொல்லையில் பழகிய கோவேறு கழுதை செடியை மிதிக்காது. சாலோடு சாலாக நடக்கத்தான் அதைப் பழக்கியிருப்பார்கள். 1933 கோடையில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதே கழுதைகளைக் கலப்பையில் பூட்டி, வளர்ந்து நின்ற செடிமேலேயே ஏறி நடக்கச் சொன்னார்கள். பல கழுதைகள் நகர மறுத்தன என்று அந்தக் காலத்தவர் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார்கள். பயிர் விலையைத் தூக்கி நிறுத்த அமெரிக்க அரசு விவசாயிக்குக் கொடுக்கும் பணம் பிறந்தது அந்த உழவில்தான்.

1919-இல் பவுண்டுக்கு 35 சென்ட் விற்ற பருத்தி, 1932-இல் ஆறேழு சென்டுக்கு வந்துவிட்டது. விலை விழ விழ, கடனை அடைக்க இன்னும் கூடுதலாக விதைத்தார்கள். விலை இன்னும் விழுந்தது. இதை நிறுத்தத்தான் 1933 மே 12 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் வேளாண் சீரமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1909 முதல் 1914 வரை விளைச்சலை விற்ற காசில் விவசாயி கடையில் எவ்வளவு வாங்கினாரோ, அவ்வளவு மறுபடியும் வாங்க முடிய வேண்டும் என்பது அதன் கணக்கு. அதற்குச் சாகுபடி குறைய வேண்டும். குறைப்பவருக்கு அரசு பணம் கொடுக்கும். அந்தப் பணத்துக்காக ஆலைகளிடம் பவுண்டுக்கு 4.2 சென்ட் வரி.

சட்டம் வந்தபோது பருத்தி முளைத்துவிட்டது. அதனால்தான் சுமார் 1 கோடி ஏக்கரை மடக்கி உழ வேண்டியதாயிற்று. ஏக்கருக்கு 7 டாலர் முதல் 20 டாலர் வரை கிடைத்தது.

விலை ஏறியது உண்மை. ஆனால் அந்தப் பணம் யார் வீட்டு வாசலோடு நின்றது என்பதுதான் என் மனதை அறுக்கிறது. ஆர்கன்சாவின் வடகிழக்கில் பாயின்செட் கவுண்டி. அங்கே பருத்தியில் குனிந்து நிமிர்ந்தவர்களில் பலர் விளைச்சலில் பங்குக்கு, அதாவது வாரத்துக்கு, உழுதவர்கள், சொந்தமாக ஒரு சாண் நிலமில்லாதவர்கள். ஏக்கரை அளக்கவும் ஒப்பந்தத்தைச் சரிபார்க்கவும் கவுண்டிதோறும் உள்ளூர்க் குழு அமைத்தார்கள். எந்த வயல் யாருடையது என்று ஊர்க்காரருக்குத்தானே தெரியும்; நல்ல யோசனைதான். ஆனால் பருத்தி நாட்டில் குழுவில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் நிலக்காரர்கள். 1934-35 ஒப்பந்தப்படி பவுண்டுக்கு நாலரை சென்ட். அதில் நிலக்காரருக்கு நாலு, வாரக்காரருக்கு அரை. அந்த அரையையும் பழைய கடனுக்கு என்று பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. தரிசு போட்ட நிலத்துக்குக் குடி எதற்கு என்று குடும்பங்களை வெளியேற்றினார்கள்.

1934 ஜூலையில் அதே கவுண்டியின் டைரோன்சா ஊருக்குப் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் ஒன்றாக உட்கார்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள். நிறவெறி கோலோச்சிய அந்த ஊரில் ஒரே கூரையின்கீழ் கூடுவதற்கே உயிரைப் பணயம் வைக்க வேண்டும். இருந்த குடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்துக்குப் பொருள் சொன்ன வாஷிங்டன் அதிகாரிகள் 1935 பிப்ரவரியில் வேலையிழந்தார்கள்.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆலை வரி செல்லாது என்றது. அடுத்த மாதமே மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் புதுச் சட்டம் வந்து, பணம் தொடர்ந்தது. அதைக் கொண்டு நிலக்காரர்கள் பலர் டிராக்டர் வாங்கினார்கள். கழுதையும் அதை ஓட்டியவரும் கொல்லையை விட்டுப் போனார்கள்.